சட்டைக் காலரிலிருந்து

அருங்காட்சியகத்தின் பின்வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. போட்டவர் அவளுடைய கணவரேதான். மேலிடத்து உத்தரவு, நான் என்ன பண்ணட்டும் என்று காவலாளிச் சீருடையில் விறைப்பாக நின்றார். வீட்டில் இப்படி நிற்க அவருக்குத் தைரியம் வராது.

வழிகாட்டி வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அவளுக்குத் தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறிகளைக் கண்டால் ஆகாது. முன்வாசலில் கல் ஆயுதங்கள், பிறகு மன்னர்கள், வாள்கள், கப்பல்கள், கடைசி அறையில் நூற்பாலை. அங்கே வருவதற்குள் ஜனங்களுக்குக் கால் கடுத்து, நாற்காலியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். உலக வரலாறு என்ன, செத்துப்போன ராஜாக்களின் வருகைப் பதிவேடா? அதனால் அவள் கூட்டத்தைப் பின்வாசல் வழியாகவே அழைத்துப் போனாள். ஆலையிலிருந்து கப்பலுக்கு, கப்பலிலிருந்து பருத்திக் காட்டில் அடி வாங்கியவர்களுக்கு. இதற்கு முன்னால் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொரு அறையிலும் வந்தவர்களையே கேட்டாள். அவர்களும் நேரம் போவது தெரியாமல் வாதாடினார்கள். இயக்குநருக்குத்தான் பொறுக்கவில்லை. எதற்கும் முறை என்று ஒன்று இருக்கிறதாம். இன்று அவரே கூட வருவார். அம்புக்குறிப்படி நடந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் நாளையிலிருந்து வரவேண்டாம்.

கணவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவர் சொல்ற வழியில போயிடேன்."

வெயிலில் கூட்டம் காத்திருந்தது. ஓரத்தில் கோட்டும் டையுமாக இயக்குநர். இந்த வேலை போனால் இன்னொன்று லேசில் கிடைக்காது. ஆனாலும் அந்தப் பூட்டைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் தலைக்கேறியது. பின்வாசலைத்தானே பூட்ட முடியும்? வெளியே நின்றே ஆரம்பித்தால்?

"எல்லாரும் பக்கத்துல நிக்கறவங்க சட்டைக் காலரைப் புரட்டிப் பாருங்க," என்றாள். "எந்த நாட்டுல தைச்சதுன்னு போட்டிருக்கும். அங்கேருந்து ஆரம்பிப்போம்."

முதலில் கூச்சச் சிரிப்புதான். பிறகு முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் பிடரியை ஒருவர் எட்டிப் பார்த்து, நாடுகளின் பெயர்களை உரக்க வாசித்தார்கள். தைத்தது அங்கே சரி, பஞ்சு எங்கே விளைந்தது என்று ஒரு பெண் கேட்டாள். அதை யார் பறித்தார்கள் என்றார் இன்னொருவர்.

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"உங்களோடது மட்டும்தான் சார் பாக்கி. கொஞ்சம் குனியறீங்களா?"

மொத்தக் கூட்டமும் அவரையே பார்த்தது. காலருக்குப் போன அவர் கை அங்கேயே நின்றது. பின்வாசல் பூட்டில் கணவரின் சாவிக்கொத்து கிலுங்கியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.