முதல் கருவிக்கு வைத்த பொட்டு

...அப்படியானால் காலையில் அவள் பொட்டு வைத்து அனுப்பியது மீனைக் காக்கிறவனுக்கு இல்லை, மீனை வாரிக்கொண்டு போகிறவனுக்கு. கம்பெனி பஸ் ஒரகடம் சிக்னலில் நின்றுகொண்டிருந்தது, உள்ளே இசக்கிசெல்வி பொருமிக்கொண்டிருந்தாள். புது ஆர்டரின் முதல் கருவிக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது அவர்கள் லைனில் வழக்கம், கைராசி என்று அவளைத்தான் கூப்பிடுவார்கள்... கைராசியாம் கைராசி! வடதுருவத்துல பனி உருகிக் கடல் தொறக்குதும்மா, எவ்ளோ மீன் கீதுன்னு தெரியாம அங்க வலை போடக்கூடாது, தண்ணிக்குள்ள சத்தம் அனுப்பி அதை எண்ணிப் பாக்கத்தான் நம்ம கருவி என்று சொன்னது யார், இந்த சூப்பர்வைசர் நரசிம்மன்தானே? அதை நம்பித்தானே, ரூமில் கூட இருக்கும் கவியா செல்போன் கம்பெனிக்குக் கூப்பிட்டபோது, நிரந்தர வேலை என்று தெரிந்தும் போகாமல் இருந்தாள்? இன்று டீ நேரத்தில் அதே வாய் சிரித்துக்கொண்டே சொல்கிறது, "ஆராய்ச்சிக்குத் துட்டு குடுத்தவன் போன வருஷமே கைய விரிச்சிட்டான். இப்ப மீன்பிடிக் கப்பல்காரன் வாங்கறான், மீன் எங்க கீதுன்னு காட்டுனா போதும் அவனுக்கு. நமக்கு இன்னா, லைன் ஓடுதில்ல?" போன வருஷமே... நல்ல காரியத்த வுட்டுட்டுப் போவாதம்மா என்று அவன் அவளைத் தடுத்தது இந்தப் பொங்கலுக்கு. தெரிந்தே காதில் பூச்சுற்றியிருக்கிறான், பாவி.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது? திருச்செந்தூர்ப் பக்கத்து விசைப்படகுக்காரர்கள் இதே மாதிரிக் கருவியை வைத்துக்கொண்டுதானே மீனிருக்கும் இடம் பார்த்து ஒட்ட அரித்துக்கொண்டு போனார்கள், அப்பாவின் வள்ளம் வெறுமனே கரைக்குத் திரும்பியது, இல்லாவிட்டால் கடற்கரையில் பிறந்தவளுக்கு இந்த ஸ்ரீபெரும்புதூரில் என்ன வேலை... என் மவ கடலைக் காக்குற வேலை பாக்கா என்று தெருவெல்லாம் சொல்லித் திரிகிற மனிதர். அவரைப் போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள், நரசிம்மனின் சிரிப்பு உட்பட. வேலையை உதறிவிட்டு வா என்பார், அந்த ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அப்பாவோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏட்டி செல்வி, அதுல நம்ம வள்ளத்துக்கு ஒண்ணு கெடைக்குமா?" என்றார். பஸ் நகர்ந்தது. கிடைக்காது என்று சொல்ல ஏன் வாய் வரவில்லை... சோதனையில் தேறாத கருவிகளை எந்த அலமாரியில் போட்டு வைப்பார்கள் என்று மனசு தேடிக்கொண்டிருந்தது, பூட்டு உண்டா, யார் கையில் சாவி... சீ, நானுமா?