போஸ்டரில் இருந்த பெண்

விளம்பர நிறுவனத்தின் மாடி அறையில் எல்லோரும் ஒரே கணினித் திரையைச் சுற்றி நின்றார்கள். திரையில் இருந்தது மின்னல் வடிவமைத்த புதிய சினிமா போஸ்டர். வேலையில் அவ்வளவு வேகம் என்பதால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு அந்தப் பட்டப்பெயர். “பசங்க வெறி பிடிச்ச மாதிரி ஷேர் பண்றாங்களாம்!” என்று முதலாளி பூரித்துப்போனார்.

இடத்தைவிட்டு எழாதவள் சீனியர் ஒருத்திதான். அனுபவத்துக்காக அலுவலகம் வைத்த பெயர் அது. முகம் சிரித்தது, வயிறு எரிந்தது. நேற்று வந்தவள்! நான் சொல்லிக்கொடுத்து வளர்ந்தவள்! மின்னல் நீட்டிய சாக்லேட்டை, “பல்வலி” என்று தள்ளிவைத்தாள்.

அடுத்த படம் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. போஸ்டர் வேலை சீனியரிடம் வந்தது. நாயகிக்குப் பதினேழு வயது, முதல் படம். உருண்டைக் கன்னம், நெற்றியில் பருத் தழும்பு, மாநிறம். மின்னலை மிஞ்சியே தீருவது என்ற வெறியில் சீனியர் தழும்பை அழித்தாள், கன்னத்தைச் செதுக்கினாள், இடுப்பை ஒடுக்கினாள், நிறத்தை வெளுத்தாள்.

எட்டிப் பார்த்த மின்னல், “நல்லாத்தானே இருந்தாங்க. எதுக்குக்கா இவ்வளவு மாத்துறீங்க?” என்றாள்.

“எனக்கே பாடமா? போய் உன் வேலையப் பாரும்மா.”

போஸ்டர் காட்டுத்தீயாகப் பரவியது. மின்னலுடையதை எங்கோ பின்னால் தள்ளிவிட்டது. சீனியர் அன்று ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

சில வாரங்கள் கழித்து அந்த நாயகியே அம்மாவோடு அலுவலகத்துக்கு வந்தாள். கண்கள் குழிவிழுந்திருந்தன. மாடிப்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

“ஒழுங்கா சாப்பிட்டே நாளாச்சும்மா. நேத்து பட விளம்பர மேடையிலயே மயங்கி விழுந்துட்டா. இந்த போஸ்டர் செஞ்சவங்களப் பாக்கணும்னு அடம் பிடிச்சு வந்திருக்கா” என்றாள் அம்மா. யாரோ கைகாட்ட, அந்தப் பெண் சீனியரின் மேசைக்கு வந்தாள்.

“படத்துக்காக ஒரு ஸ்கூலுக்குப் போயிருந்தோம்க்கா. பசங்க என்னைப் பாத்துட்டு, ‘போஸ்டர்ல இருக்குற பொண்ணு வரலையா?’ன்னு கேட்டாங்க.” சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அவளப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்கு. அவள மாதிரி ஆகணும்னா நான் இன்னும் என்ன பண்ணணும்?”

சீனியர் போஸ்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் வயிற்றில் எரிந்த தீ இந்தக் குழந்தையின் வயிற்றுக்கு இடம் மாறியிருந்தது. சுவரில் இருப்பவள் உலகத்திலேயே இல்லாதவள். தன் பொறாமை பெற்றுப்போட்ட பிள்ளை.

சீனியர் எழுந்து மின்னலின் மேசைக்குப் போனாள். “நீ அன்னைக்குச் சொன்னப்பவே கேட்டிருக்கணும். இந்தப் பொண்ணு முகம் இருக்குற மாதிரியே வச்சுப் புதுசா ஒண்ணு செய்யணும். கூட இருக்கியா?”

மின்னல் தன் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

விஷயம் தெரிந்ததும் முதலாளி குதித்தார். “ஓடுற குதிரையோட கால யாராவது உடைப்பாங்களா?”

“அப்போ அந்த போஸ்டரையே மேடைக்குக் கூட்டிட்டுப் போங்க சார். என் பொண்ணு வரமாட்டா” என்றாள் அம்மா, கைப்பையை எடுத்துக்கொண்டு.

முதலாளி இறங்கி வந்தார். “சரி, மாத்துங்க. படம் ஓடலைன்னா நீங்கதான் பொறுப்பு.”

“ஓடுனாலும் ஓடலைன்னாலும் சரி சார்” என்றாள் சீனியர். “இல்லாத முகத்தக் காட்டி, பிள்ளைங்கள அவங்க முகத்தையே வெறுக்க வைக்கிறோம். வளர்ற பிள்ளைங்ககிட்ட பொறாமைய விக்கக் கூடாது. இந்த வயசுல என்னாலயே அதத் தாங்க முடியல. அதுங்க எப்படித் தாங்கும்?”