பந்துக்கு விரல், மாவுக்கு உள்ளங்கை

நாற்பத்தாறு வயதில் பறக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு என் எக்ஸ்ரே போதும். வீட்டுச் சுவரில் மகள் மாட்டியிருக்கும் வளையத்தில் பந்தை எப்படிப் போடுவது என்று அவளுக்கே காட்டப் போனேன். ஓடிவந்து எம்பிப் போடும் லே-அப். ஓடினேன், எம்பினேன். இறங்கும்போது செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு வளைந்து கரண்டி மாதிரி ஆகிவிட்டது.

"செருப்போட யாராவது எம்புவாங்களாப்பா?" என்றாள் மகள். அழவெல்லாம் இல்லை. அவள் கவலை வேறு.

கல்லூரி கூடைப்பந்து அணியில் அவளை எடுத்துவிட்டார்கள். விளையாட்டு விடுதியில் தங்கி ஆட வேண்டும். அதற்கு அப்பாவின் சம்மதக் கையெழுத்து இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும். மூன்று வாரமாக இன்று, நாளை என்று நான்தான் இழுத்தடித்துக்கொண்டிருந்தேன். "கையெழுத்துப் போடாம இருக்கக் கையையே ஒடச்சுக்கிட்ட மனுஷன் இவர்தான்" என்று மனைவி தன் அக்காவிடம் போனில் சொன்னது வாசல்வரை கேட்டது.

"இடது கை ரேகை போதுமாம். கேட்டுட்டேன்" என்றாள் மகள், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில். இருந்த ஒரு சந்தும் அடைபட்டது.

எக்ஸ்ரேயைப் பார்த்த சின்ன டாக்டர், எலும்பு விலகியிருக்கிறது, இழுத்து உட்கார வைக்க வேண்டும் என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, மாவுக்கட்டு அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒருவன் வாளித் தண்ணீரில் கைவிட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தான். குனிந்திருந்தும் என் உயரம் இருந்தான்.

கொக்கு. எங்கள் கல்லூரி அணியின் கொக்கு. பார்த்து இருபத்தைந்து வருடம் ஆகிறது.

அந்த அணியில் நான் பன்னிரண்டாவது ஆள். பெஞ்சு சூடு ஆறாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஒரு அரையிறுதியில் எங்கள் ஆட்கள் வரிசையாக ஃபவுலாகி வெளியேற, பயிற்சியாளர் வேறு வழியில்லாமல் என்னை இறக்கினார். கடைசி நான்கு நொடி. கொக்கு இடது மூலையைப் பார்த்தான். எதிரணி ஐந்து பேரும் அங்கே பார்த்தார்கள். அரங்கமே பார்த்தது, நான் உட்பட. பந்து மட்டும் வலது பக்கம் என் கையில் இருந்தது. பிடித்தேன் என்றால் பொய், தப்பிக்க நேரமில்லை. மேலே தூக்கிவிட்டேன், வளையத்துக்குள் விழுந்தது. என் ஆயுள்கணக்கு மொத்தம் இரண்டு புள்ளி. நான் எங்கே நிற்பேன் என்று எனக்கே தெரியாதபோது அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்றுவரை எனக்கு அது புரியவில்லை.

அடுத்த வருடம் வெறும் பயிற்சியில், பக்கத்தில் ஒருவரும் இல்லாதபோது, எம்பி இறங்கிய கொக்கின் முட்டி போனது. தாழ்ப்பாள் விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். தேசிய அணித் தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. அதன்பிறகு அவன் யார் கண்ணிலும் படவில்லை. மகளின் படிவத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது.

"டேய் பன்னெண்டு," என்றான் கொக்கு. "எப்படிடா ஒடச்சே?"

"லே-அப் போட்டேன்."

"காலேஜ்லயே உனக்கு அது ஒத்துக்காதே."

"நீங்கதான் கொக்கு மாமாவா?" என்றாள் மகள். "அந்த ரெண்டு புள்ளியை அப்பா தினம் சாப்பாட்டோட பரிமாறுவார்."

டாக்டர் என் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, கொக்கு என் விரல்களைப் பிடித்தான். நான் படிவத்தைப் பற்றிச் சொன்னேன். "உனக்கு எல்லாம் போச்சேடா. நீ என் இடத்துல இருந்தா கையெழுத்துப் போடுவியா?"

"உன் கையெழுத்தை எந்தக் காலேஜ் ஒத்துக்கும்? பரீட்சைல உன் பேரையே யாரும் படிக்க முடியல."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"சொல்றேன். முதல்ல அந்த ஜன்னல்ல என்ன தெரியுது, அதைச் சொல்லு."

ஜன்னலைப் பார்த்தேன். மகளும் பார்த்தாள். "தண்ணித் தொட்டி..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் என் கைக்குள் ஏதோ நகர்ந்து அடங்கியது. குனிந்து பார்த்தேன். கரண்டி போய்க் கை வந்திருந்தது. அதே ஆள், அதே ஏமாற்று, அதே இடத்தில் நான்.

டாக்டர் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். "நானும் ஜன்னலைப் பாத்துட்டேன்" என்றார், கொஞ்சம் வெட்கமாக.

கொக்கு பஞ்சைச் சுற்றி, மாவுத் துணியை வாளியில் முக்கி, குமிழி அடங்கியதும் பிழிந்து சுற்றத் தொடங்கினான். கட்டு நழுவாமல் இருக்க மகள் கை கொடுத்தாள்.

"விரலை எடும்மா," என்றான். "நுனி பட்டா ஈர மாவுல பள்ளம் விழும். உள்ள தோல் புண்ணாயிடும். உள்ளங்கையால தாங்கு."

"பழக்கதோஷம் மாமா."

"தெரியும். பந்து பிடிச்ச கை மட்டும்தான் இந்தத் தப்பைப் பண்ணும். பந்துக்கு விரல், மாவுக்கு உள்ளங்கை. இந்த வேலைக்கு வந்த புதுசுல நான் கட்டினதுல எல்லாம் அஞ்சு பள்ளம் இருக்கும். நர்ஸம்மா ஒடச்சுப் போட்டுட்டுத் திரும்பக் கட்டச் சொல்வாங்க. மூணு வருஷம்."

அவனுடைய பெரிய உள்ளங்கைகள் என் கையின்மேல் வழுக்கிப் போய் வந்தன. மாவு இறுகி, உள்ளே இளஞ்சூடு பரவியது. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி மூன்றே முக்கால்.

"கொக்கு. இவ இருக்கட்டும், பரவாயில்ல. சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. வாளியில் கையைக் கழுவினான்.

"அந்த மூணு வருஷமும் டிவில மேட்ச் வந்தா எந்திரிச்சுப் போயிடுவேன். அப்புறம் ஒரு நாள் ஒரு கட்டை முடிச்சுப் பாக்குறேன், ஒரு பள்ளம்கூட இல்ல. நர்ஸம்மா நல்லா இருக்குன்னாங்க. நான் வெளிய போய் அழுதேன்டா. முட்டி போனப்பகூட அழல. கை பந்தை மறந்துருச்சேன்னு அழுதேன். அவ்வளவு பிடிச்ச ஒண்ணு அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. கையெழுத்து நான் போடுவேன். முட்டி போகும்னு எழுதியே குடுத்தாலும் என் பொண்ணுக்குப் போடுவேன்."