மகிழ்ச்சிப் போட்டி, கீழ்ப்பிரிவு

பிள்ளைகளின் மனத்தை உலகத்திலேயே முதன்முதலில் விளங்கிக்கொண்ட இனம் தமிழினம்தான் என்று அதிபர் எமிலியானுஸ் மாஸ்டர், சிட்னி வைகறைத் தமிழ்ப் பாடசாலையின் நிர்வாகக் கூட்டத்தில் அறிவித்தார். வெள்ளைக்காரன் அதைப் பார்த்துப் படித்து, ஆங்கிலத்தில் பெயர் வைத்து, இப்போது நமக்கே பலகையில் அச்சடித்துத் தருகிறான். இதற்கு ஆதாரம் கேட்க அங்கே ஒருவரும் இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாயில் ரோல்ஸ் இருக்கும்போது வரலாற்றை மறுப்பது கஷ்டம்.

பலகை விஷயம் இதுதான். பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கும் பாடசாலைகளைத் தேடி அங்கீகரிக்கவென்று ஓர் அமைப்பு இருக்கிறது. அங்கிருந்து ஆள் வரும், பார்க்கும், கடைசியில் அதிபரோடு தனியாக இருந்து கதைக்கும். திருப்தியென்றால் சிரிக்கிற சூரியன் போட்ட பலகை ஒன்றைச் சுவரில் மாட்டத் தரும். வெஸ்ட்மீட்டில் அரியரத்தினம் நடத்தும் பாடசாலைக்கு அது கிடைத்துவிட்டது. அரியரத்தினம் வேறு யாருமல்ல. வைகறையின் நிர்வாகத்தில் சண்டை பிடித்துக்கொண்டு, போகும்போது ஆர்மோனியத்தையும் தூக்கிக்கொண்டு போய், புதிய வைகறைத் தமிழ்ப் பாடசாலை என்று தொடங்கியவர். சூரியனைக் கட்டிப்பிடித்தபடி அவர் நின்ற படத்தை முகநூலில் பார்த்த நாளிலிருந்து எமிலியானுஸுக்குச் சரியான நித்திரை இல்லை. பிள்ளைகளின் மனநலத்துக்கான பலகை ஒரு பெரிய மனிதரின் மனநலத்தைப் பதம்பார்த்துவிட்டது.

மன்னாரில் அவர் ஒருவருக்கும் மாஸ்டராக இருந்ததில்லை. சிட்னிக்கு வந்து, செவன் ஹில்ஸில் ஒரு குளிரூட்டிக் களஞ்சியத்தில் சூப்பர்வைசர் ஆகி, சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த வகுப்பறைகளின் திறப்புச் சாவிகளைக் கையில் வாங்கிய பிறகுதான் மாஸ்டர் ஆனார். அந்தத் திறப்புக் கோர்வை இடுப்பில் குலுங்கும்போது அவருக்குள் ஒரு கல்வி அமைச்சர் நடப்பார்.

"பலகை வேணுமெண்டா எங்களிட்ட என்ன இருக்கோணும்?" என்று கூட்டத்தில் கேட்டார்.

யோகா என்ற ரீச்சர் கையைத் தூக்கினாள். கிழமை நாட்களில் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்பவள், பாடசாலைக்குப் புதிது. ஆகையால் கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று நம்பினாள்.

"ஒரு பிள்ளை மனம் குழம்பி இருந்தா, நாங்கள் நிண்டுகொண்டு கதைக்கக் கூடாது அங்கிள். பிள்ளையை விடப் பணிஞ்சு நிலத்தில இருக்கோணும். புத்தி சொல்லக் கூடாது. பிள்ளை கதைக்காட்டி, முதல்ல எங்கட மனசில இருக்கிறதைச் சொல்லோணும். எனக்கும் பயமா இருக்கு, எனக்கும் கவலையா இருக்கு எண்டு. பிறகு பொறுத்திருக்கோணும்."

கூட்டம் எமிலியானுஸைப் பார்த்தது. அவர் கதிரையிலிருந்து எழுந்தார்.

"அப்ப நான் நிலத்தில குந்தியிருந்து, ஒன்பது வயசுப் பிள்ளையைப் பாத்து, 'தங்கச்சி, எனக்குப் பயமா இருக்கு' எண்டு சொல்லோணும்." குரலை மெலிதாக்கி நடித்தே காட்டினார். "பிறகு அது எனக்குச் சூப்பிப் போத்தல் தரும். நான் குடிச்சிட்டுப் படுக்கிறன். பாடசாலையை ஆர் பூட்டுறது?"

நல்ல சிரிப்பு எழுந்தது. யோகா ரீச்சர் கையை இறக்கினாள்.

"அதோட, அந்தக் கூடாரம்," என்று அடுத்த வகுப்பறைப் பக்கம் கையைக் காட்டினார். கிழமை நாட்களில் அங்கே நடக்கும் பகல் பள்ளிக்கூடம் தன் பிள்ளைகளுக்காக அங்கே ஒரு மூலையில் சின்னத் துணிக்கூடாரம் கட்டி, உள்ளே பீன் பாக் என்ற மூட்டை இருக்கை இரண்டு போட்டு வைத்திருந்தது. மனம் சரியில்லாத பிள்ளை அதற்குள் போய் இருக்கலாமாம். "கோவம் வந்தாக் கூடாரத்துக்குள்ள போறதுக்கு இதென்ன சேர்க்கஸோ? எங்கட பிள்ளையள் ஒண்டும் அதுக்குள்ள போகப்படாது." ஒவ்வொரு சனிக்கிழமையும் அதன் வாசலில் இரண்டு கதிரைகளைக் குறுக்கே போட்டு அடைப்பது அவருடைய முதல் கடமை.

"அப்ப என்னங்கண்ணே பண்றது?" என்று கேட்டார் செயலாளர் கௌரிசங்கர். கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை. எதையும் எக்செல்லில் போட்டால் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்.

எமிலியானுஸ் சற்று நேரம் யன்னலைப் பார்த்தார். தமிழ்ப் பாடசாலைக்கு ஒரு பிரச்சினை வந்தால் தீர்வு ஒன்றுதான்.

"போட்டி வைப்பம்," என்றார்.

அப்படித்தான் மகிழ்ச்சிப் பேச்சுப் போட்டி பிறந்தது. தலைப்பு: நான் ஏன் மகிழ்ச்சியாக இருக்கிறேன். பாலர் பிரிவு, கீழ்ப்பிரிவு, மேற்பிரிவு. முதல் மூன்று இடங்களுக்கும் கேடயம். மற்றவர்கள் மகிழ்ச்சியில் பங்குபற்றியதாகச் சான்றிதழ்.

"மார்க் எப்படிங்கண்ணே பிரிக்கறது?"

"உச்சரிப்புக்குப் பாதி. ஞாபகத்துக்குக் கொஞ்சம். மிச்சம் சிரிப்புக்கு."

"நடுவுல சிரிப்பு நின்னுட்டா?"

"வெட்டு."

அதன் பிறகு அவருக்கு வந்தது முழுக்க எரிச்சல்தான். வாட்ஸப் குழுவில் ஒரு தாய், இது செலக்டிவ் பள்ளிக்கூட நுழைவுச் சோதனைக்கு உதவுமா என்று கேட்டாள். இன்னொருத்தி, போன முறை திருக்குறள் போட்டியில் தன் மகனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிய நடுவர் மகிழ்ச்சிக்கும் நடுவராக இருந்தால் வழக்குப் போடுவோம் என்றாள். ஒரு தகப்பன், மகிழ்ச்சிக்கு ரியூசன் குடுக்கிற ஆட்கள் பரமற்றா பக்கம் யாரும் இருக்கிறார்களா என்று விசாரித்தார். பேச்சை யார் எழுதுவது என்று எல்லோரும் கேட்டார்கள். பிள்ளையின் பேச்சைப் பிள்ளையே எழுதலாம் என்று யோகா ரீச்சர் போட்ட செய்திக்குக் கீழே நெடுநேரம் ஒருவரும் பதில் போடவில்லை. ஒரு தமிழ்ப் பாடசாலையில் அப்படி ஒரு அனர்த்தம் நடந்ததே இல்லை.

கடைசியில் எமிலியானுஸே எழுதினார். எல்லோருக்கும் ஒன்று, பிரிவுக்குப் பிரிவு நீளம்தான் வேறு. வேலை முடிந்து வந்து, தலையில் களஞ்சியத்தின் குளிர்த் தொப்பியோடு, சாப்பாட்டு மேசையில் இருந்து, வைகறையின் அத்தனை பிள்ளைகளும் மகிழ்ச்சியாக இருப்பதற்கான மூன்று காரணங்களை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, மகள் ஜெனோஜா பக்கத்தில் வந்து நின்றாள். ஒன்பது வயது.

"அப்பா, நான் ஒண்டு சொல்லவோ?"

"பொறு மகள். நீ ஏன் சந்தோசமா இருக்கிறாய் எண்டு அப்பா எழுதிக்கொண்டிருக்கிறன்."

அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

போட்டிக்கு முதல்நாள் காரில் அவளைச் சொல்ல வைத்தார். பிழையே இல்லை. மூன்றாவது காரணம் முடிந்ததும் மறுபடியும், "அப்பா, நான் ஒண்டு..." என்று தொடங்கினாள். அதற்குள் கௌரிசங்கரின் அழைப்பு வந்துவிட்டது. மேடையின் பின்னால் சிரிக்கிற சூரியன் படம் ஒட்டலாமா, ஒட்டினால் பகல் பள்ளிக்கூடத்துச் சுவரில் பூச்சு பெயருமா என்று வீடு வரைக்கும் ஆராய்ந்தார்கள்.

சனிக்கிழமை அந்த அமைப்பிலிருந்து ஹெலன் என்ற அம்மா வந்தாள். காலில் சப்பட்டைச் சப்பாத்து, முகத்தில் அவசரமில்லாத சிரிப்பு. வாசலில் பிள்ளைகள் இரண்டு வரிசையில் நின்று சிரித்தார்கள். விடியற்காலையிலிருந்து சிரித்துப் பழகியதால் சிலருக்குத் தாடை நொந்துபோயிருந்தது. மண்டபத்தில் நடுவர்கள் மூவரும் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு மகிழ்ச்சியை அளக்கத் தயாராக இருந்தார்கள். மேசையில் எச்சரிக்கை மணி.

முதலில் கபிலன் ஏறினான். "பெருமதிப்புக்குரிய நடுவர்களே! நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன். ஏன் மகிழ்ச்சியாக இருக்கிறேன்? மூன்று காரணங்களுக்காக!" என்று விரல்களை விரித்தான். இரண்டாவது காரணத்தில் மணி அடித்தது. திடுக்கிட்டு அழத் தொடங்கினான். ஆனால் பேச்சை நிறுத்தவில்லை. கண்ணீர் வழிய வழிய, ஒரு ழகரமும் தவறாமல், தன் மகிழ்ச்சியை முடித்துவிட்டுத்தான் இறங்கினான். ஒரு நடுவர் உச்சரிப்புக்கு முழு மார்க்கும் போட்டார்.

அடுத்த பிள்ளையும் மூன்று விரலை விரித்தது. அதற்கடுத்ததும். ஹெலன் கௌரிசங்கரிடம் சாய்ந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். கௌரிசங்கர் வேர்த்துப்போய் ஏதோ சொன்னார்.

"என்ன கேக்கிறா?" என்றார் எமிலியானுஸ் மெல்ல.

"எல்லாக் குழந்தைகளும் ஒரே காரணத்துக்காகவா சந்தோஷமா இருக்காங்கன்னு கேக்கறாங்கண்ணே."

"நீர் என்ன சொன்னனீர்?"

"எங்க சமுதாயம் ரொம்ப ஒத்துமைன்னேன்."

ஜெனோஜா ஏறினாள். எமிலியானுஸ் முன்வரிசையின் நடுக்கதிரைக்கு மாறினார். பிள்ளை பேசும்போது முன்னால் இருந்து வாயசைப்பது தகப்பனின் உரிமை. அதை எந்த நடுவரும் தடுத்ததில்லை. முதல் காரணம் மணி மணியாக வந்தது. இரண்டாவதும் வந்தது. "மூன்றாவதாக," என்றாள். நின்றுவிட்டாள்.

எமிலியானுஸ் வாயசைத்தார். என் தந்தையார்.

அவள் அவரையே பார்த்தாள்.

இன்னும் பெரிதாக வாயைத் திறந்து அசைத்தார். என் தந்தையார் நாள்தோறும்.

மணி அடித்தது. மண்டபத்தில் ஒரு குழந்தை இருமியது. ஜெனோஜா நடுவர்களுக்கு வணக்கம் சொன்னாள், படியால் இறங்கினாள், பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

"மறந்துபோனா," என்று எமிலியானுஸ் சுற்றிலும் இருந்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டே விளக்கம் சொன்னார். காது சுட்டது. அதிபரின் மகள். மற்றப் பிள்ளைகள் அழுதாலும் முடித்தார்கள். இவள் அழக்கூட இல்லை, முடிக்கவும் இல்லை. இந்நேரம் யாரோ ஒருவர் இதை அரியரத்தினத்துக்கு அனுப்பியிருப்பார்.

எழுந்து போனார். அடுத்த வகுப்பறையில், அவர் காலையில் குறுக்கே போட்ட கதிரைகள் இரண்டும் ஒதுக்கப்பட்டிருந்தன. கூடாரத்துக்குள்ளிருந்து இரண்டு வெள்ளைக் காலுறைகள் தெரிந்தன.

"ஜெனோஜா. வெளியில வா."

காலுறைகள் கொஞ்சம் உள்ளே இழுபட்டன.

"அந்த மனுசி இருக்கேக்கை இதென்ன விளையாட்டு? அதுக்குள்ள போகப்படாதெண்டு தெரியும்தானே. வா, நடுவர்மாரோட கதைச்சு இன்னொரு சான்ஸ் வாங்கித் தாறன். அடுத்தது 'என் தந்தையார்'. நேற்றுக் கார்ல வடிவாச் சொன்னனீ. அதுக்குள்ள எப்பிடி மறக்கிறது?"

"மறக்கேல்ல."

"பிறகு?"

"மூண்டாவது பொய்."

எமிலியானுஸ் அந்த வரியை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தார். என் தந்தையார் நாள்தோறும் என் அருகில் அமர்ந்து என் மனக்குறைகளைக் கேட்டறிவார். நல்ல வரி. எழுதியபோது அவருக்கே அதில் ஒரு பிடிப்பு இருந்தது. அதைத் திருத்த வாயைத் திறந்தார். வாயசைத்துக் காட்ட முன்வரிசையில் ஒருவரும் இருக்கவில்லை.

கதவுப் பக்கம் கௌரிசங்கரின் தலை தெரிந்தது. "அண்ணே, அந்தம்மா உங்களோட தனியாப் பேசணும்ங்கறாங்க. அது முடிஞ்சாத்தான் பலகையாம். அவங்களுக்கு வேற எங்கயோ போகணுமாம், சீக்கிரம் வாங்க."

"வாறன், ஒரு நிமிசம்," என்றார். தலை மறைந்தது.

அவர் கதவைப் பார்த்தார். வெள்ளைக் காலுறைகளைப் பார்த்தார். பிறகு, சுற்றிலும் யாரும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, இடுப்புத் திறப்புக் கோர்வை சத்தம் போடாமல் கையால் பொத்திக்கொண்டு, குனிந்து, முழங்காலில் ஊர்ந்து கூடாரத்துக்குள் போனார். மற்ற பீன் பாக்கில் உட்கார்ந்தார். அது அவரை அப்படியே விழுங்கியது. முழங்கால்கள் தாடை மட்டத்துக்கு வந்தன. ஜெனோஜாவின் முகம் இப்போது அவருக்கு மேலே இருந்தது.

புத்தி சொல்ல நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டார். அவள் கதைக்கவில்லை. அவரும் பொறுத்தார். பொறுப்பது களஞ்சியத்தில் பெட்டி தூக்குவதை விடப் பாரமாக இருந்தது.

"எனக்கு," என்று தொடங்கினார். குரல் தானாகவே மெலிந்துவிட்டது. "எனக்குப் பயமா இருக்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள். "என்னத்துக்கு?"

"பலகை கிடைக்காட்டி அரியரத்தினம் சிரிப்பான்."

ஜெனோஜா அதை யோசித்தாள். "எனக்கு அரியம் அங்கிளைப் பிடிக்கும். அவர் லொலி, டொபி தாறவர்."

அது நெஞ்சில் குத்தியது. ஆனாலும் ஆர்மோனியக் கதையை எடுக்கவில்லை.

"அண்ணே!" நடைபாதையில் கௌரிசங்கரின் குரல் அங்குமிங்கும் ஓடியது. "அண்ணே, எங்க இருக்கீங்க? அவங்க கிளம்பறாங்க!"

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தார். ஜெனோஜா போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதை அணைத்து, பீன் பாக்குக்கு அடியில் தள்ளினார்.

"அப்பா, நான் ஒண்டு சொல்லவோ?"

"சொல்லு."

"நீளக் கதை."

"ஓம். சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். தான் படிக்கும் பகல் பள்ளிக்கூடத்தில் மியா என்றொரு பிள்ளை தன் பக்கத்திலிருந்து எழும்பிப் போனதில் தொடங்கியது. பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும், உச்சரிப்புக்கு மார்க் போட முடியாத மாதிரி வந்தது. வெளியே ஒரு கார் புறப்பட்டுப் போகும் சத்தம் கேட்டது. எமிலியானுஸ் எழும்பவில்லை. யாராவது கை கொடுத்துத் தூக்கினாலொழிய எழும்பவும் முடியாது.