உதறாமல் மடித்த துணி

சலூன்காரரின் வலது தோள்பட்டை பிடித்துக்கொண்ட மாதத்தில், அந்தத் தெருவில் பதினேழு பேருடைய நம்பிக்கை ஆள் மாறியது. காரணம் சாதாரணமானதுதான். முடி வெட்டி முடித்ததும், வாடிக்கையாளரின் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவர் வாசலுக்குக் கொண்டுபோய் இரண்டு முறை ஓங்கி உதறுவார். இருபத்தாறு வருடப் பழக்கம். கையைத் தூக்க முடியாமல் போனதும், உதறாமல் மடித்து வைத்து அடுத்தவருக்கும் அதையே விரித்துக் கட்டினார். முடியோடு சேர்ந்து ஒருவருடைய நம்பிக்கையும் துணியில் விழுகிறது, வாசலில் உதறினால் அது தன் ஆளைத் தேடிக்கொண்டு போய்விடும், உதறாவிட்டால் அடுத்து உட்காருகிறவரின் தலையில் ஏறிக்கொள்ளும் என்பதெல்லாம் அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? தொழில் கற்றுக்கொடுத்தவர் உதறச் சொன்னார், ஏன் என்று சொல்லவில்லை.

முதலில் மாட்டியவர் தையல்காரர். அரண்மனையைத் துறந்த ஒருவர் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் மரத்தடியில் உட்கார்ந்து கண்டுகொண்டது, ஆசையே துன்பத்துக்கு வேர், எதுவும் கணப்பொழுதும் அப்படியே இருப்பதில்லை என்பது, தபால்காரரின் தலையிலிருந்து இவருக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் சட்டை வாங்க வந்தவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "போன வாரம் அளவு குடுத்த ஆளு நீங்க இல்லீங்க. அவரு மாறிப் போயிட்டாரு," என்றார். வந்தவர் சட்டையைப் போட்டுப் பார்த்தார். உண்மையிலேயே சேரவில்லை. தையல்காரருடைய பழைய நம்பிக்கை, இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை என்று பாலைவனத்தில் பிறந்து உலகமெல்லாம் பரவியது, கடிகாரம் பழுது பார்ப்பவருக்குப் போனது. அவர் கடையில் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்த நாற்பது கடிகாரங்களும் அன்று சாயங்காலமே ஒரே நேரத்தைக் காட்டின. கரப்பான் பூச்சிக்கு மருந்தடிப்பவரிடம் சிற்றுயிருக்கும் தீங்கு நினைக்காதே என்பது வந்து உட்கார்ந்தது. அவர் மருந்து டப்பாவை வைத்துவிட்டு, மயிலிறகால் தரையைக் கூட்டியபடி, வெளியே போகும்படி பூச்சிகளைக் கேட்டுக்கொண்டார். அவையும் வரிசையாகப் போய்விட்டன. மரியாதையாகச் சொன்னால் யார்தான் கேட்க மாட்டார்கள்.

பஸ் டிரைவருக்குக் கிடைத்தது, நாட்டை விட்டுப் போன ஒரு முதியவர், எழுதிக் கொடுத்தால்தான் விடுவேன் என்று எல்லைக் காவலர் மறித்ததால் எழுதிவைத்துவிட்டுப் போனதாகச் சொல்லப்படுவது: எதையும் வலிந்து செய்யாதே, தண்ணீர் போல இரு. டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். பஸ் பள்ளம் பார்த்து வழிந்து ஓடி, வரலாற்றிலேயே முதல் முறையாகச் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மருந்துக் கடைக்காரரின் மாமியாருக்கு, கப்பல் மூழ்கிச் சரக்கை இழந்த ஒரு வியாபாரி பிற்பாடு தூண் மண்டபத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பாடம் வாய்த்தது. உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார், இல்லாததற்காக அலட்டிக்கொள்ளாதே. மருமகன் தன் கையில் இல்லை என்று அந்த அம்மாள் கண்டுகொண்டார். ஒன்பது நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. அக்கம்பக்கத்தார் என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் எட்டிப் பார்த்தார்கள்.

இதெல்லாம் சலூன்காரருக்கு வாடிக்கையாளர் சொல்லும் வேடிக்கைக் கதைகளாகத்தான் இருந்தது, தன் வீட்டில் நடக்கும்வரை. கடை விடுமுறை நாளில் அவர் மனைவி நுனி முடியைச் சமன் செய்துகொள்ள வந்து உட்கார்ந்தாள். மனைவியாயிற்றே என்று அன்றைக்குத்தான் துவைத்துக் காய்ந்த துணியை எடுத்துக் கட்டினார். வேலை முடிந்ததும் வழக்கம்போல மடித்து வைத்தார். அவளுக்குப் புதிதாக ஒன்றும் வந்து சேரவில்லை, இருந்தது மட்டும் போய்விட்டது.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள், பத்தொன்பது வருடம் ஆகிறது. மறு உலகத்தில் அவளை மறுபடி பார்ப்போம் என்பதில் மனைவிக்கு ஒரு துளி சந்தேகமும் இருந்ததில்லை. அதனால் அவள் அழுவதில்லை, சேர்த்து வைப்பாள். பக்கத்து வீட்டுப் பூனை மீன் தொட்டிக்குள் விழுந்தாலும் சரி, பஸ் வழிந்து ஓடினாலும் சரி, சாப்பிடும்போது, "இதை அவகிட்ட சொல்லணும்," என்பாள். சலூன்காரருக்கு அப்படியெல்லாம் நம்பத் தெரியாது. ஆனால் பத்தொன்பது வருடமாக அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுத்தான் அவருக்குச் சோறு இறங்கியது. முடி வெட்டிய அன்று சாயங்காலம் அவள் கரப்பான் பூச்சிகள் வரிசையாகப் போன கதையைச் சொன்னாள். சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாள். மறுநாளும் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் கதையே சொல்லவில்லை. அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

அவளுக்கு அடுத்து அந்தத் துணியில் உட்கார்ந்தவர் உயர்நிலைப்பள்ளி அறிவியல் வாத்தியார். உலகம் அணுக்களால் ஆனது, கலைந்தால் கலைந்ததுதான் என்று எந்தத் துக்க வீட்டிலும் யாரும் கேட்காமலே எடுத்துச் சொல்லி, நாற்பது வருடமாகக் கெட்ட பெயர் வாங்கியவர். அந்த வாரத் துக்க வீட்டிலோ, அவர் இறந்தவரின் காதருகே குனிந்து தன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். இதைக் கேள்விப்பட்டதும் சலூன்காரருக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. தோள் சரியானதும் துணியை மறுபடி உதற ஆரம்பித்தார். அடுத்த முறை முடி வெட்ட வந்தவர்களிடமிருந்து கடன் வந்த நம்பிக்கைகள் கழன்று, சொந்த வீடுகளுக்குத் திரும்பின. கடிகாரங்கள் பழையபடி முரண்டு பிடித்தன, பஸ் தாமதமாக வந்தது. வாத்தியாருடைய அணுக்களும் வீடு திரும்பி, உள்ளே இடமில்லாததால் அவர் வீட்டு வாசல் கேட்டில் காத்துக்கிடந்தன. வாத்தியார் மட்டும் கடைப்பக்கமே வரவில்லை. முடி தோளைத் தொட்டது.

கடைசியில் சலூன்காரரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"சார், முடி ரொம்ப வளந்துருச்சு."

"வளரட்டும்யா."

"முடி உங்களுது சார். அதுல இருக்கறது என் வீட்டுக்காரியுது."

வாத்தியார் மறுக்கவில்லை. நேர்மையான மனிதர். "எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் பரீட்சை பேப்பர் திருத்திட்டு இருந்தேன். முடிச்சிட்டுப் போலாம்னு நெனச்சேன். இப்பதான் அவங்ககிட்ட என்ன சொல்லணும்னு யோசிச்சு வெச்சிருக்கேன். அதப் போய்க் கேக்கறியே."

சலூன்காரர் பெட்டியைத் திறக்கவில்லை. எடுத்தால் ஒரு பாவம், எடுக்காவிட்டால் ஒரு பாவம். "அவ பேசறதே இல்ல சார்," என்று மட்டும் சொன்னார்.

வாத்தியார் எழுந்து நாற்காலியைக் கண்ணாடி முன் இழுத்துப் போட்டார். "பாதி வெட்டிப் பாப்போம். நடக்குதா இல்லையான்னு செஞ்சு பாத்தாத்தானே தெரியும்."

சலூன்காரர் வலது பாதியை மட்டும் வெட்டினார். துணியை உதறாமல் மடித்து, தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தை ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, மனைவியின் தோளில் போர்த்தினார். அன்று சாப்பிடும்போது அவள் வாத்தியாரின் அரைத்தலையைப் பற்றிக் கேட்டுச் சிரித்தாள். பிறகு, "இதை அவகிட்ட சொல்லணும்," என்றாள். கொஞ்சம் யோசித்து, "சொல்ல முடிஞ்சா," என்றாள். அவர் அன்றைக்கு இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

கேட்டில் கிடந்த அணுக்கள் வாத்தியாரின் வலது பாதியில் குடியேறின. இடப்பக்கத்து மாணவர்களுக்கு ஒரு பதிலும் வலப்பக்கத்து மாணவர்களுக்கு வேறொரு பதிலும் சொன்னார். தேர்ச்சி விகிதம் குறையவில்லை என்பதால் தலைமையாசிரியர் கண்டுகொள்ளவில்லை. மாதா மாதம் சலூன்காரர் வலது பாதியை மட்டும் திருத்தி, துணியை வாசலில் உதறினார். இடது பாதி இடுப்புவரை வளர்ந்தது. ஊரில் பெரும்பாலானவர்கள் அரை நம்பிக்கையில்தான் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள், வாத்தியாருக்கும் சலூன்காரர் மனைவிக்கும் அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

ஒரு நாள் மனைவி வாத்தியார் வீட்டுக்குப் போனாள். "நீங்க என்னைவிட மூத்தவங்க. எப்படியும் முன்னாடி போவீங்க. தப்பா எடுத்துக்காதீங்க," என்று ஆரம்பித்து, மகளுக்கென்று சேர்த்து வைத்ததைச் சொல்லலானாள். வாத்தியார் ஒரு கோடு போட்ட நோட்டில் எண் போட்டு எழுதிக்கொண்டார். வாரம் ஒரு தடவை போனாள், எட்டு வருடம் போனாள். நோட்டு ஏழு ஆயிற்று. "நம்பாத பாதிதான் எழுதுது. அதுக்கு மறதி ஜாஸ்தி பாருங்க, நம்பறது மனப்பாடம் பண்ணிக்குது," என்பார் வாத்தியார்.

அவர் ஒரு கோடைக்காலக் காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடி, ஏழாவது நோட்டை மூடி வைத்துவிட்டு இறந்துபோனார். துக்க வீட்டில் கலைந்தால் கலைந்ததுதான் என்று சொல்ல ஆள் இல்லை. சலூன்காரர் இடது பாதியைத் தொடவில்லை, சீவி மட்டும் விட்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. சலூன்காரருக்குப் பழைய பயம் வந்து, சோற்றை அளைந்துகொண்டிருந்தார். அவள் சுவர்க் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "இந்நேரம் பாதி நோட்டு சொல்லி முடிச்சிருப்பாரு," என்றாள்.

"மொதல்ல அவங்கம்மாவப் பாக்கப் போயிருப்பாரு. கொஞ்சம் லேட் ஆகும்," என்றார் சலூன்காரர்.

அதுவும் சரிதான் என்று அவள் அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.