ஆற்றைச் சுற்றிப் போகும் கோடு

இந்தக் காலத்தில் யாரும் ஊருக்குப் போவதில்லை. போவதற்குத் திட்டம் போடுகிறார்கள், அவ்வளவுதான். போட்டு முடிப்பதற்குள் போய்வந்த களைப்பு வந்துவிடுகிறது. முன்பின் தெரியாத எவனோ ஒரு விடுதிக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறானாம், அதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவனுக்கு அன்றைக்கு வயிறு சரியில்லாமல் இருந்திருக்கலாம். பெண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். யார் விசாரித்தார்கள்? நான் அந்தக் கடலோரச் சாலையில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன். எந்தத் திருப்பத்தில் டீ நன்றாக இருக்கும் என்று என்னை ஒருவர் கேட்கவில்லை. போனைக் கேட்கிறார்கள்.

என் மகள் வீட்டில் மூன்று வாரமாக இந்தக் கூத்துதான். நாலு நாள் பயணம். கடலை ஒட்டியே வடக்கே போய், கலங்கரை விளக்கம் இருக்கும் முனையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. பேத்திக்குப் பதினேழு வயது. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்றால்கூட எதிர்வாதம் செய்வாள், அதனால் அவளை வக்கீல் என்றுதான் கூப்பிடுவேன். பேரனுக்குப் பதினாலு. அவன் பெயர் பூட்டு. வாய் திறக்க சாவி தேட வேண்டும். ஒரே அறையில் இருந்துகொண்டு இரண்டும் போனில் எழுதிச் சண்டை போடும். அப்படிப்பட்ட இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து திட்டம் போடுகிறார்கள் என்றபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மகளுக்கு இதில் வேறு ஒரு கணக்கு இருந்தது. அதை என்னிடம் சொல்லித்தான் வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை ஏ.சி. மெக்கானிக். மேலே ஏணி கட்டிய வேன் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார். எட்டு மாதத்துக்கு முன்னால், பள்ளி விடுமுறையில், பூட்டும் அவரோடு வேலைக்குப் போனான். நல்ல மழை. ஆற்றுமுகப் பாலத்தில் வேன் வழுக்கி, அரை வட்டம் சுற்றி, கைப்பிடிச் சுவரில் மோதியது. மாப்பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. முன் சீட்டில் இருந்த பையனுக்கு இடது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது. வேனைச் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தியது ஒர்க்‌ஷாப்காரன். அதோடு சரி. மாப்பிள்ளை ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறார். வேன் கீழே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றது நின்றபடி. அதன் அடியில் ஒரு பூனை இரண்டு தடவை குட்டி போட்டுவிட்டது.

மகளுக்கு ஓட்டத் தெரியாது. என் லைசென்ஸைக் கண் டாக்டர் நிறுத்திவிட்டார். ஆகவே இந்தப் பயணம் நடக்க வேண்டுமானால் மாப்பிள்ளைதான் ஓட்ட வேண்டும். அதற்காகவே இந்தப் பயணம். வேலைக்கென்றால் எடுக்காதவர் பிள்ளைகளுக்கென்றால் எடுப்பார் என்பது அவள் நினைப்பு. பஸ்ஸில் போனால் காலை நீட்டிக்கொண்டு நிம்மதியாகப் போகலாமே என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் டீ டம்ளரை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். மாப்பிள்ளையோ, போகலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் "பாக்கலாம்" என்றார். திங்கட்கிழமை மகள் ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மாப்பிள்ளையிடம் நான் ஒரு வார்த்தை சொன்னேன். "உங்க கை ஸ்பேனர் பிடிக்கிற கை மாப்பிள்ளை, ஸ்டீயரிங் பிடிக்கிற கை இல்ல" என்றேன். மனதில் பட்டது, சொன்னேன். அந்த வார்த்தைதான் அவரை முடக்கிப் போட்டது என்கிறாள் மகள். என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் டெப்போவில் ஒரு கண்டக்டரையாவது திருத்தியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். மாப்பிள்ளை உட்காரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் ஒழுகுகிறது என்று, அன்றைக்குப் பார்த்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டு படுத்திருந்தார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரிந்தது. நழுவுகிறவனுக்குக் குழாயும் ஒரு சாக்கு.

வக்கீல் ஒரு பெரிய காகிதத்தை விரித்தாள். போனில் காட்டினால் நாங்கள் பார்க்க மாட்டோம் என்று கையால் வரைந்திருந்தார்கள். நீலத்தில் கடல், கறுப்பில் சாலை, பச்சையில் தங்கும் இடம். வழியெல்லாம் சின்னச் சின்னச் சிவப்பு வட்டம். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. என்ன இது, பெட்ரோல் பங்கா என்று கேட்டேன்.

"இல்ல, அது உங்களுக்கு," என்றாள்.

"எனக்கு என்ன?"

"ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை வண்டிய நிறுத்தச் சொல்லுவீங்கல்ல, தாத்தா. இப்பவே போட்டுட்டோம். அப்புறம் சண்டை வராது."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். தொட்டிக்குக் கீழே இருந்த காலும் லேசாக ஆடியது. நான் வருகிறேன் என்று யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்து பாட்டுக்கு ஒரு சட்டம் வாசித்தாள்: ஆளுக்கு ஒரு மணி நேரம், மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. சார்ஜ் போட ஒரு வயர்தான் இருக்கிறது, அதற்கு ஒரு வரிசை. கடலில் இறங்குவதற்கு ஒரு சட்டம். பாராளுமன்றம் தோற்றது.

நான் சட்டத்தைக் கேட்கவில்லை, சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சாலை எனக்குத் தூக்கத்திலும் வரும். கோடு ஒழுங்காகக் கடலை ஒட்டிப் போனது. முதல் நாளே, ஆற்றுக்கு முன்னால், திடீரென்று மேற்கே திரும்பியது. கல்குவாரி வழியாக உள்ளே போய், அணைக்கட்டில் ஆற்றைத் தாண்டி, மறுபடி கடல் பக்கம் இறங்கி, திரும்பிய இடத்துக்கு எதிர்க்கரையில் வந்து நின்றது. ஐந்து நிமிஷத் தூரத்துக்கு அறுபது கிலோமீட்டர்.

எங்கள் டெப்போவில் ஒரு பலகை உண்டு. ஒரு லிட்டர் டீசலுக்கு எவன் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினான் என்று மாதாமாதம் பெயரோடு எழுதிப் போடுவார்கள். கடைசிப் பெயராக வந்துவிடுவோமோ என்று பயந்தே முப்பத்தொரு வருஷம் ஓட்டினேன். வீண் கிலோமீட்டரைப் பார்த்தால் எனக்குப் பல்லில் கல் கடித்த மாதிரி இருக்கும்.

"யாருடா இதப் போட்டது?" என்று சிரித்தேன். "தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற மாதிரி."

பூட்டு சட்டென்று கையைக் காகிதத்தின் மேல் வைத்தான். பேசாத பையன் கையை வைக்கிறானே, ஏன் என்று யோசித்திருக்க வேண்டும். நான் கையை நகர்த்திவிட்டு, பென்சிலை எடுத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். மேஜைக்குக் கீழே வக்கீல் என் கணுக்காலில் உதைத்தாள். உதைத்தால் நிறுத்துகிறவனா நான்?

"இங்கதான் பாலம் இருக்கே," என்றேன், நன்றாகச் சத்தமாக.

சொல்லி முடித்த பிறகுதான் புரிந்தது. தொட்டிக்குக் கீழே ஸ்பேனர் சத்தம் நின்றுவிட்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தாத்தா, உங்க வாய்க்கு பிரேக்கே கிடையாதா?" என்றாள் வக்கீல், மெதுவாக.

முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் கோடு இழுக்கிறேன்? ஆனால் என்னிடம் எதைச் சொல்வார்கள்? மூன்று வாரமாக இரண்டும் சேர்ந்து உட்கார்ந்தது இதற்குத்தான். அப்பா அந்தப் பாலத்தைப் பார்க்காமலே வடக்கே போய்விட ஒரு வழி. பார்த்தால் எடுக்க மாட்டார், பார்க்காவிட்டால் எடுப்பார். பிள்ளைகள் போட்ட கணக்கு இவ்வளவுதான். அதை நான் ஒரு பென்சிலால் கெடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளை வெளியே வந்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே காகிதத்தைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். கறுப்புக் கோட்டில் விரலை வைத்து குவாரி, அணை, மறுபடி கடற்கரை என்று முழுவதும் போய் வந்தார்.

"இது யாரு போட்டது?"

"நான்தான்," என்றான் பூட்டு.

"இந்த ரோடு உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். அது நல்லா இருக்கும். மரமெல்லாம் இருக்கும்."

"குவாரி ரோட்டுல மரம் எங்கடா இருக்கு? லாரியும் புழுதியும்தான்."

இவர் பயணம் வேண்டாம் என்று சொல்லப் போகிறார், மகளின் லீவும் போச்சு, வேனும் அங்கேயே துருப்பிடித்துச் சாகப் போகிறது என்று நான் நினைத்தேன். மகளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் மாப்பிள்ளை காகிதத்தின் மூலையில் இருந்த கட்டங்களைப் பார்த்தார். யார் எங்கே உட்கார்வது என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார்கள். மகளைத் தடுத்து, அதில் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டினார்.

"முன் சீட்டுல அம்மா உக்காரட்டும். நீ பின்னால போ."

"இல்ல. அது எனக்கு."

"சொன்னாக் கேளு."

"அக்காவும் அம்மாவும் கேட்டாங்க, குடுக்கல. சண்டை போட்டு வாங்கினேன்." மூச்சு வாங்கினான். அவன் ஒரே நாளில் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. "நான் அந்த சீட்டுலதான் வருவேன்ப்பா. நீங்க ஓட்டினா."

ஒடிந்து கூடிய கையைத்தான் மேஜைமேல் வைத்திருந்தான். முழங்கைக்குக் கீழே நீளமாகத் தையல் தழும்பு. அவனுடைய அப்பா அதைப் பார்க்காமல் இருக்கத்தான் எட்டு மாதமாகச் சாப்பிடும்போதுகூட வேறு பக்கம் உட்கார்ந்திருந்தார். இப்போது பார்த்தார்.

யாராவது ஏதாவது பேசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. நான்தான் பேசினேன்.

"அந்தப் பாலத்துல குறுக்க குறுக்க இரும்புப் பட்டை இருக்கு. மழை பட்டா வழுக்கும். யாரா இருந்தாலும் வழுக்கும்."

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தார். அதே பட்டையில், ஐம்பத்து நாலு பேரோடு, என் பஸ் ஒரு மழை நாளில் குறுக்கே திரும்பி நின்றதும், எதிரே லாரி தப்பாக வந்தது என்று நானும் கண்டக்டரும் டெப்போவில் சொல்லிவிட்டதும் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. கண்டக்டர் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது அதை எடுத்து வைத்து என்ன ஆகப் போகிறது? சொல்லவில்லை.

அவர் அழிப்பானை எடுத்தார். என் பென்சில் கோட்டை அழிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு மேஜைமேல் போட்டுவிட்டார்.

"ரெண்டு கோடும் இருக்கட்டும்," என்றார். "ஆத்துக்கிட்ட போனதும் எது முடியுதோ அதுல போவோம். மழையா இருந்தா குவாரி ரோடுதான், யாரும் ஒண்ணும் பேசக்கூடாது."

"அப்ப போறோமாப்பா?" என்றாள் வக்கீல். வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்வாதம் இல்லாமல் ஒரு கேள்வி.

"முதல்ல அது கிளம்புதான்னு பாப்போம்."

சாவியை எங்கே வைத்தோம் என்று அரை மணி நேரம் தேடினார்கள். கிடைத்தது. மூன்று மாடி இறங்கினோம். பூனையை விரட்டுவதற்கு ஒரு பாடு. மாப்பிள்ளை உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். சாத்திய பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்மேல் இருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பூட்டு சுற்றிப் போய் முன் சீட்டில் ஏறினான், பெல்ட்டை இழுத்து மாட்டினான், நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

சாவி திருகினார். 'டக்' என்றது. எட்டு மாதம் நின்ற வண்டியில் பேட்டரி என்ன உயிரோடா இருக்கும்? தள்ள வேண்டும் என்றேன். மகளும் வக்கீலும் பின்னால் போய்க் கை கொடுத்தார்கள். காற்று இறங்கிய டயர், சும்மா நகருமா? எனக்கு இடுப்பு வலி, டாக்டர் குனியக் கூடாது என்றிருக்கிறார். இரண்டு பெண்கள் திணறுவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பது? நானும் ஒரு கை கொடுத்தேன். சரிவு வரும்வரை தள்ளினோம். அங்கே வண்டி தானாக உருண்டது. குலுங்கியது. கறுப்புப் புகையை எங்கள் மூஞ்சியில் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது.

தெரு முனைவரை மெதுவாகப் போனார். திரும்புகிறாரா, இறங்கி விடுகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வலது பக்க விளக்கு மின்னி மின்னி அணைந்தது. வண்டி திரும்பி மறைந்தது. மகள் அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகைக்கரி என்றாள்.

"சாமான் லிஸ்ட்டுல உங்க மூணு சட்டையும் எழுதியாச்சு, தாத்தா," என்றாள் வக்கீல்.

"நான் வர்றதா இல்ல," என்றேன். "கிளட்ச்சை இப்படிப் பொசுக்குன்னு விடுறவரு ஓட்டுற வண்டியில நாலு நாள் யாரு உக்காருவா? ரெண்டாவது கியர் போட்டது கேட்டுச்சா? பல்லைக் கடிக்கிற மாதிரி."

அவள் பதிலுக்கு வாயைத் திறந்தாள். வாதம் தொடங்கினால் சாயங்காலம் ஆகிவிடும். நான் திரும்பி மாடிப்படியைப் பார்த்து நடந்தேன். பின்னால் வேன் வட்டத்தை முடித்துவிட்டு வருகிற சத்தம் கேட்டது. வந்த வண்டி நிற்காமல் இன்னொரு சுற்றுக்குக் கிளம்பியது. ஒரு சுற்றில் பிடிபடாதது இரண்டாவது சுற்றில் பிடிபடுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.