எழுபத்து நான்காம் கொடி

ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன் ஓஸ்மோ. பகலில் குயோப்பியோ நகரில் ஓர் அலுவலகத்தின் கணினிகளைக் கட்டி மேய்ப்பான். மற்ற நேரத்தில் தன் இணையப் பக்கத்தில் திங்கள்தோறும் ஒரு புதிர், வியாழன்தோறும் ஒரு யோசனை. இடையில் அலுப்புத் தட்டினால் ஏரி வாத்துகளின் படம் போடுவான். அவன் யோசனைகளில் பேர்போனது இதுதான்: கடவுச்சொல்லை எங்கேயும் எழுதாதீர்கள், குறிப்பை மட்டும் எழுதுங்கள், அந்தக் குறிப்பு உங்களுக்கு மட்டுமே விடை தெரிந்த புதிராக இருக்கட்டும். அதை எழுதிய நாளில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஞாயிறு மதியம் ஏரிக்கரைக் குடிலில் நீராவிக் குளியலை முடித்துக்கொண்டு, வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து மரப்படித்துறையிலிருந்து தண்ணீரில் தொப்பென்று குதித்தான். படித்துறை ஒரு ஆட்டம் ஆடியது. அங்கே நாற்காலியில் இருந்த அவன் மனைவி துய்ரேயின் மடிக்கணினியும் அவன் பின்னாலேயே குதித்தது.

துய்ரே காட்டு ஓட்டக்காரர்களுக்கு வரைபடம் வரைகிறவள். திசைகாட்டியும் வரைபடமுமாகக் காட்டுக்குள் ஓடி, மறைவாக நட்டிருக்கும் கொடிகளைத் தேடிப் பிடிக்கிற ஓட்டம். வரும் சனிக்கிழமைப் போட்டிக்காக இரண்டு கோடை முழுக்கக் கொசுக்கடியில் அலைந்து பாறை பாறையாக, ஓடை ஓடையாக வரைந்த படம் அந்த மடிக்கணினியில் இருந்தது. மறுநாள் காலை அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

"கவலையே படாத. வீட்டுச் சேமிப்புப் பெட்டியில பிரதி இருக்கு," என்றான் ஓஸ்மோ, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு.

பிரதி இருந்தது உண்மைதான். பூட்டியும் இருந்தது. தினமும் அவன் பழைய கணினியே அந்தப் பெட்டியைத் திறந்து, துய்ரேயின் வேலையைப் பிரதியெடுத்து, மூடிவைக்கும். போன வாரம்தான் பழையதை எவராலும் மீட்க முடியாதபடி துடைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்திருந்தான். எப்படித் துடைப்பது என்றுகூட ஒரு வியாழன் யோசனை உண்டு. கடவுச்சொல்லைக் கடைசியாகக் கையால் தட்டியது எந்தக் காலத்திலோ. இப்போது வீட்டுக்கு வந்து புதுக் கணினியில் பெட்டியைத் திறக்கப் போனால், திரையில் அவனே எழுதிவைத்த குறிப்பு மட்டும் நின்றது: 'எங்கள் முதல் ஓட்டத்தில் தவறவிட்ட கொடி. தவறவிட்டவர் பெயர். பிறகு சாப்பிட்டது.'

ஓஸ்மோ சிரித்தான். இதற்கா தெரியாது? கல்யாணமான வருடம், ஜோடி ஓட்டம். கொடிகளை இருவரும் பங்குபோட்டுக்கொண்டு ஓடினார்கள். துய்ரே எழுபத்து நான்காம் எண் கொடியை விட்டுவிட்டாள், ஜோடியே ஆட்டத்திலிருந்து அவுட். எத்தனை விருந்தில் சொல்லிச் சிரிக்கவைத்த கதை! எழுபத்து நான்கு, துய்ரே, பட்டாணி சூப் என்று தட்டினான்.

தவறு என்றது பெட்டி.

சூப்பைத் தொத்திறைச்சியாக மாற்றினான். எண்ணை எழுத்தால் எழுதினான். இடைவெளி விட்டான், எடுத்தான். பெட்டி மசியவில்லை. பத்து முறை தவறினால் பெட்டி தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். அந்த ஏற்பாடும் இவன் திருக்கரத்தால் ஆனதுதான். ஒரே ஒரு வாய்ப்பு மிச்சம் என்று திரை சொன்னபோது கை தானாக விலகியது.

"என்ன ஆச்சு, புதிர் மன்னா?" துய்ரே காபிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். குறிப்பைப் படித்தாள். "யார் பேரப் போட்ட?"

"உன் பேருதான்."

"ஓ..."

"என்ன ஓ? நீதானே விட்ட!"

துய்ரே கோப்பையை மெதுவாக மேசைமேல் வைத்தாள். "எழுபத்து நாலு உன் பங்கு ஓஸ்மோ. சதுப்புக்கு அந்தாண்ட. நீ போகவே இல்ல. மறுநாளே மன்னிப்புக் கேட்டியே, ஞாபகம் இல்ல?"

"சும்மா விளையாடாத. இத்தனை வருஷமா நான் சொல்றப்போல்லாம் நீயும் சிரிச்சியே!"

"சிரிச்சேன். ஊர் முன்னாடி உன்ன மறுத்துப் பேச வேணாம்னு. அப்புறம் பார்த்தா நீயே அத நம்ப ஆரம்பிச்சிட்ட."

ஓஸ்மோவுக்குக் காது சுட்டது. அவன் கண்ணுக்குள் துய்ரே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு காட்டிலிருந்து வருவது அப்படியே தெரிந்தது. இது எப்படிப் பொய்யாக இருக்கும்?

"ஒரு தடவதான் இருக்கு," என்றான். "தப்பாப் போனா எல்லாம் போச்சு."

"போறது என்னோட ரெண்டு கோடை, தெரியும். தட்டு. உன் கதைய நம்பினா என் பேரு, என்ன நம்பினா உன் பேரு."

மனம் கடைசிவரை அவள் பெயரைத்தான் சொன்னது. ஆனாலும் எழுபத்து நான்கு, ஓஸ்மோ, பட்டாணி சூப் என்று தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

பெட்டி திறந்துகொண்டது.

"ஆக, இத எழுதின அன்னிக்கு உனக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் துய்ரே. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனை வதைத்தது. அவள் படத்தை எடுத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, ஆறிப்போன காபியைக் குடிக்கப் போனாள்.

சனிக்கிழமை போட்டி நன்றாகவே நடந்தது. ஓட்டம் முடிந்து கூடாரத்தில் எல்லோரும் பட்டாணி சூப்பும் அதில் கலக்கக் கடுகுச் சாந்துமாக உட்கார்ந்தபோது, சங்கத் தலைவர் வெய்யோ வழக்கம்போல ஆரம்பித்தார்.

"ஏய் ஓஸ்மோ, புதுப் பசங்களுக்கு அந்தக் கதையச் சொல்லுப்பா. துய்ரே கொடிய விட்ட கதை!"

ஓஸ்மோ கரண்டியைக் கீழே வைத்தான். துய்ரே தலை நிமிரவில்லை.

"விட்டது நான்தான். துய்ரே இல்ல," என்றான்.

வெய்யோ மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், கூடாரமே சிரித்தது. "அடேயப்பா, பொண்டாட்டிக்குப் பயந்து கதையவே மாத்திட்டான் பாரு!"

"இல்ல, நிஜமாத்தான்..." என்றான். சிரிப்பு இன்னும் பெரிதானது. யாரும் நம்பவில்லை.

அவன் துய்ரேயைப் பார்த்தான். அவள் சிரிக்காமல் கையை நீட்டினாள்.

"அந்தக் கடுகுச் சாந்த இப்படித் தள்ளு," என்றாள்.